குன்னூருக்குப் போன கொலம்பைன்

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஆர்டர்களைப் பேசி முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். குழந்தைகள் சட்டை ஆர்டர் ஒன்றுக்குக் கொலம்பைன் என்ற பூவை அச்சடிக்க வேண்டியிருந்தது. தலை கவிழ்ந்த ஊதாப் பூ, பின்னால் கொக்கி போல நீண்ட வால்கள். எங்கள் பிரிண்டில் அந்த வால்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் மழுங்கிப் போயின. எங்கள் சட்டைகளை வாங்கும் பையராக ஐரோப்பாவிலிருந்து வந்துபோகும் அம்மாள், "நீங்கள் அந்தப் பூவைப் பார்த்ததே இல்லையே!" என்று சிரித்தார். அடுத்த முறை வந்தபோது தன் தோட்டத்து விதைகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து தந்தார். எள்ளைவிடச் சிறியவை, கறுத்து மினுங்கின. குளிர் பட்டால்தான் முளைக்குமாம். சில வாரம் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார்.

ஈரமான பனியன் துணியில் சுற்றி, தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தேன். கணவரிடம் சொன்னேன். என் மாமியாரான அத்தையிடம் சொல்லத் தோன்றவில்லை. மாமா தவறிய பிறகு அத்தை காங்கயம் பக்கத்துத் தோட்டத்தை விட்டு எங்களோடு வந்து தங்கியிருந்தார். நான் வேலை முடிந்து வருவதற்குள் பெரும்பாலும் தூங்கியிருப்பார். எங்களுக்குள் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை.

மார்கழியில் ஒருநாள் ஃபிரிட்ஜைத் திறந்தால் துணியைக் காணோம்.

"அத்தை, இங்க ஒரு துணி வெச்சிருந்தனுங்களே?"

"அந்த ஈரத்துணியா கண்ணு? பூசணம் புடிச்சுக் கெடந்துச்சு. பின்னால கொண்டுபோயி ஒதறிப்போட்டு, தொவச்சுக் காயவெச்சிருக்கறேன்."

"அதுல வெத இருந்துச்சுங்க அத்தை."

அவர் முகம் வாடிவிட்டது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சாமி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையிலிருந்து குரல் கேட்டது. "ஏங்கண்ணு, இங்க வா. களைன்னு புடுங்கப் போனேன். இது உன்ற வெதயா பாரு."

தண்ணீர்த் தொட்டி நிழலில், கொத்தமல்லி போல் பிளவுபட்ட, கொஞ்சம் நீலம் பாரித்த இலைகள். அவற்றின்மேல் தண்ணீர் ஒட்டாமல் முத்துமுத்தாக நின்றது.

அன்றிலிருந்து செடிகள் அத்தையுடையவை ஆயின. போர்வெல் தண்ணீரின் உப்பில் இலை ஓரம் கருகியதால், கம்பெனி சாம்பிள் ரூம் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை நான் கேனில் பிடித்து வருவேன். அதை வாங்கிக்கொள்ள அத்தை தூங்காமல் வாசலில் நிற்பார். தண்ணீர் ஊற்றும்போது செடியைப் பற்றித்தான் பேச்சு தொடங்கும். பிறகு மாமாவின் முன்கோபம், வித்துவிட்ட எருமை, தான் சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழகியது என்று எங்கெங்கோ போகும். நான் சாப்பிடாமலே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

மாசிக் கடைசியில் இலைகள் சுருண்டன. ஈரச் சாக்கு கட்டி நிழல் கொடுத்தும் பயனில்லை.

"இது நம்மூரு வெயிலத் தாங்காது கண்ணு. குன்னூருக்குக் கொண்டுபோயர்றேன்" என்றார் அத்தை.

குன்னூரில் என் நாத்தனார் இருந்தார். அவர் எத்தனை முறை அழைத்தும், குளிர் ஆகாது என்று அத்தை போனதே இல்லை. இப்போது செடிகளை மண்ணோடு பெயர்த்துச் சின்னத் தொட்டிகளில் வைத்து, வயர்கூடையில் அடுக்கி, மடியிலிருந்து இறக்காமல் பஸ்ஸில் கொண்டுபோனார். போன வழியிலேயே சில வாடின. ஒன்று மட்டும் வேர் பிடித்தது. அந்த வருஷம் பூக்கவில்லை. அத்தை இங்கும் அங்குமாக இருந்தார்.

அடுத்த சித்திரையில் ஆபீஸுக்கே போன் வந்தது. "கண்ணு, பூத்திருச்சு!"

சனிக்கிழமையே நானும் கணவரும் கிளம்பினோம். காபி கொடுக்கும் முன் அத்தை என் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு இழுத்துப் போனார். எதிர்பார்த்த ஊதா இல்லை, கருஞ்சிவப்பு. மெல்லிய காம்பில் தொங்கி ஆடியது. அத்தை குத்தவைத்து உட்கார்ந்து, குழந்தையின் மோவாயைத் தூக்குவது போல ஒரு விரலால் பூவை நிமிர்த்தினார். உள்ளே மஞ்சள் மகரந்தம்.

"குனிஞ்சே நிக்குது பாரு. நாமதான் தூக்கிப் பாக்கோணும்."

அவர் பக்கத்தில் நானும் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

விதை முற்றும்வரை இருந்துவிட்டு வருகிறேன் என்று அத்தை அங்கேயே தங்கினார். திருப்பூர் வீடு வெறிச்சென்றிருந்தது. தினமும் சாயந்திரம் போன் செய்து செடியை விசாரிப்பேன். அது ஒரு நிமிஷப் பேச்சு. மற்றதெல்லாம் எங்கள் கதை.

"யாருகிட்ட இத்தன நேரம்?" என்று கேட்டார் கணவர்.

"உங்கம்மாகிட்டத்தானுங்க" என்றேன்.