என் சாட்சியில் விட்டுப்போன பெயர்

சபைக் குடும்பத்தார் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். மாதப் பத்திரிகைக்கு மகிழ்ச்சியான சாட்சியாக ஒன்று எழுதிக் கொடும்மா என்று போதகர் கேட்டார். என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது உண்மை. மகிழ்ச்சியாக எழுதத்தான் எனக்கு வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் தேவாரத்துக்காரி. பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு ஊருக்குப் பக்கத்திலுள்ள ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதன் தாளாளர் நம் சபை மூப்பர். நாம் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடுகிறவர்தான். சேர்ந்த அன்றே என் அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டார். வருஷ நடுவில் யாரும் வேலையை விட்டுப் போய்விடக் கூடாது என்று அங்கே எல்லோரிடமும் வாங்குவார்கள். கோப்பின் மேல் கை வைத்து எனக்காக ஜெபித்தார். பிறகு பீரோவில் வைத்துப் பூட்டினார். நானும் கண்ணை மூடி ஆமென் சொன்னேன். நம்ம ஆள்தானே என்ற பெருமை வேறு. அந்த ஆமெனை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்து வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். பி.எட். இல்லாததால், ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாளில் என்னை வகுப்பில் நிற்க விட மாட்டார்கள். பின்னாலிருக்கும் ஸ்டோர் ரூமில் போய் உட்காரச் சொல்வார்கள். பலகையில் நான் போட்ட கணக்கு இருக்கும், போட்ட நான் இருக்க மாட்டேன். வேறொரு டீச்சர் அதன் முன்னால் நின்று அதிகாரிக்கு வணக்கம் சொல்வார்.

மூன்று வருஷத்துக்கு முன் அரசுப் பல்கலைக்கழகத்தில் பி.எட். கணிதத்துக்கு விண்ணப்பித்தேன். இடம் வந்தது. புதன்கிழமை அசல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

அண்ணனிடம் நாலு தடவை போய் நின்றேன். நாலு தடவையும் அன்பாகத்தான் பேசினார்.

"பிள்ளைக படிப்ப நடுவுல விட்டுட்டுப் போறது தேவசித்தமாம்மா? நல்லா ஜெபம் பண்ணு. அடுத்த வருசம் பாப்போம்."

அதற்கு முந்தின வருஷமும் இதே பேச்சுதான். நான் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். அண்ணன் மனதை இளக்கும் ஆண்டவரே என்று முழங்காலில் நின்று அழுதேன். மனது இளகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவர் கம்பத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தில் பேசக் கிளம்பிப் போய்விட்டார். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். எனக்குக் கர்த்தர் மேலேயே கோபம் வந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாண்டியம்மா அக்கா என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அங்கே பதினெட்டு வருஷமாகக் கிளார்க்காக இருந்தவர். சனிக்கிழமைதோறும் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போடுகிறவர். அவர் இரட்சிக்கப்பட வேண்டும் என்று என் ஜெபக் குறிப்பில் பெயர் எழுதி வைத்திருந்தேன். இரண்டு தடவை சுவிசேஷக் கைப்பிரதியும் கொடுத்திருக்கிறேன். பீரோச் சாவி எப்போதும் அவர் மேசையில்தான் இருக்கும். அவர் பீரோவைத் திறந்து என் கோப்பை எடுத்தார். பக்கத்தில் பதிவேட்டையும் விரித்து வைத்தார். சான்றிதழ்களைத் தான் கொடுத்ததாக அதில் எழுதி, தன் கையெழுத்தையும் போட்டிருந்தார்.

"ஒங்க காயிதம் ஒங்ககிட்டதான டீச்சர் இருக்கணும். வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க. களவாண்டுட்டுப் போனாகன்னு நாளைக்கு யாரும் பேசக் கூடாது."

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கோப்போடு ஓடினேன். உங்களுக்கு என்ன ஆகும் அக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோன்றாமல் இல்லை. கேட்டால் அவர் யோசித்துத் திரும்ப வாங்கிவிடுவாரோ என்று பயம்.

புதன்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பூட்டிய பீரோவைக் கர்த்தர் திறந்தார் என்றேன். எல்லோரும் கை தட்டினீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அண்ணனும் ஆமென் சொன்னார். வியாழக்கிழமையே அவர் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அக்கா பெயரைச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது தேவாரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். போடியில் ஏலக்காய் குடோனுக்குக் காய் பொறுக்கப் போய்க்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவர், இப்போது நாள் முழுக்கத் தரையில் குனிந்து காய் பிரிக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு அது பிடிக்கவில்லை.

"பஸ் ஸ்டாண்டுல நின்னு என்ன அழுக வேண்டிக் கெடக்கு? படிச்சு முடிங்க. பாதியில விட்டீகன்னாத்தான் எனக்குக் கோவம் வரும்."

நான் விடவில்லை. பாடக்குறிப்பு எழுதி எழுதி விரல் வீங்கினாலும் விடவில்லை. இரண்டாம் வருஷம் கற்பித்தல் தேர்வு. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது தேர்வாளர் உள்ளே வந்தார். என் கால் தானாக வாசலைப் பார்த்து நடந்தது. எல்லாம் ஸ்டோர் ரூம் பழக்கம். எங்கேம்மா போகிறீர்கள், உங்களைப் பார்க்கத்தானே வந்திருக்கிறேன் என்றார் அவர். திரும்பி வந்து மீதிக் கணக்கைப் போட்டு முடித்தேன்.

தேறிவிட்டேன். இப்போது உத்தமபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. அங்கேயும் சேரும்போது அசலைக் கேட்டார்கள். நகல்தான் தருவேன் என்றேன். சரி என்று வாங்கிக்கொண்டார்கள். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரியாமல்தான் அத்தனை வருஷம் பீரோவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அன்பானவர்களே, நம்பி ஜெபியுங்கள். பதில் வரும். எனக்கு வந்தது, அதற்கு நன்றி சொல்லாமல் ஒரு நாளும் படுப்பதில்லை. நான் அண்ணனுடைய கையைக் கேட்டேன், கர்த்தர் அக்காவுடைய கையை அனுப்பினார். அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்று பார்க்காமல் சாட்சி சொல்லப் போய்விட்டேன். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

பாண்டியம்மா அக்காவுக்கு அந்த ஆபீஸ் வேலை திரும்பக் கிடைக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. இதற்கு அற்புதம் ஒன்றும் நடக்க வேண்டியதில்லை. இந்தப் பத்திரிகை அண்ணன் வீட்டுக்கும் வரும்.