மாமா சுற்றிய ரெசிஸ்டர்

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார், அந்த வருடம் நான் தண்ணீர்ப் பந்தலுக்குப் போகக் கூடாது என்று. எனக்கு ஒன்பது வயது. காதில் அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பெரிய சத்தம் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பினாங்கில் தைப்பூசப் பந்தல் என்றாலே சத்தம்தானே! தண்ணீர்மலைக்குப் போகிற சாலை நெடுகப் பந்தலுக்குப் பந்தல் போட்டி. யாருடைய ஒலிபெருக்கி அடுத்தவரை அமுக்குகிறதோ அவர்களுக்குத்தான் மரியாதை. நான் அழுதேன், சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அம்மா அசையவில்லை.

எங்கள் பந்தலின் ஒலிபெருக்கிகளுக்குப் பொறுப்பு என் தாய்மாமா. மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை. மற்ற நேரமெல்லாம் ஆம்ப்ளிஃபயரோடுதான் குடித்தனம். அன்று சாயங்காலம் பழைய டோஸ்டர் ஒன்றைப் பிரித்து, அதன் கம்பியோடு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, இங்க வா. ரெசிஸ்டர் செய்யணும். நான் சுத்துறேன், நீ எண்ணுலா."

விரல் நீளப் பீங்கான் குழாயில் கம்பியையும் தையல் நூலையும் சேர்த்துச் சுற்றினார். ஒரு சுற்று அடுத்ததைத் தொட்டால் எல்லாம் வீண், நடுவில் நூல்தான் காவல் என்றார். இது எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. மாமா செய்கிறார் என்றால் சத்தத்தைக் கூட்டத்தானே! நாற்பத்தேழு வரைக்கும் ஒழுங்காக எண்ணினேன். அப்போது பார்த்தா ஐஸ்கிரீம்காரர் வாசலில் மணியடிக்க வேண்டும்? புத்தி அங்கே ஓடிவிட்டது. பிறகு வாய்க்கு வந்த எண்ணிலிருந்து தொடர்ந்து, எழுபத்திரண்டு என்று கூசாமல் முடித்தேன்.

கம்பி இறுகி நின்றதும் மாமா நூலை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய் அம்மாவிடம் ஏதோ பேசினார். "நான் பாத்துக்கிறேன், அக்கா" என்பது மட்டும் கேட்டது. என்ன மாயமோ, அம்மா இறங்கி வந்தார்.

தைப்பூசத்தன்று காதில் பஞ்சோடு, பந்தலின் இடது ஓரத்தில் வருகிறவர்களுக்குச் சிராப் என்கிற ரோஜா சர்பத் ஊற்ற உட்கார்ந்தேன். என் பக்கத்து ஒலிபெருக்கி முனகிக்கொண்டிருந்தது. தள்ளியிருந்த அடுத்த பந்தலின் பாட்டு எங்கள் பாட்டின்மேல் ஏறி வந்தது.

"என்னண்ணே, இந்தப் பக்கம் ஸ்பீக்கருக்குக் காய்ச்சலா? அடுத்த பந்தல்காரனுங்க சிரிக்கிறானுங்கலா!" என்றார் மாமாவின் கூட்டாளி. போகிற வருகிறவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமா சிரித்து மழுப்பினார்.

மாமாவின் மானம் போனது என்னால்தான். அவரைத் தனியே இழுத்துப்போய், "மாமா, நான் தப்பா எண்ணிட்டேன்" என்று தேம்பினேன்.

"சரியாத்தான் எண்ணுனே. போ, சிராப் ஊத்து. காது வலிக்குதா?"

"இல்ல மாமா."

"அப்புறம் என்னலா!"

என்னைத் தேற்றப் பொய் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

இப்போது புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நானே ரெசிஸ்டர்களோடுதான் பிழைக்கிறேன். ஒலிபெருக்கியின் வழியில் அதை மாட்டினால் சத்தம் குறையுமே தவிர ஏறாது. கம்பியின் அளவை மீட்டரே சொல்லிவிடும். எண்ண ஆள் தேவையே இல்லை. அழுதுகொண்டிருந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்க மாமாவுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த மனிதருக்கு நான் எத்தனை நன்றி சொன்னாலும் தீராது. அன்று முழுக்க ஊரின் கேலியை அவர் வாங்கிக்கொண்டது எனக்காகத்தான் என்று தெரியாமல், நான் அவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன்.