சோணை இறந்த இடம்

ஆம்புலன்ஸ் ஓட்டும் ஆன்றோவுக்கு முத்துச்செல்வி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து புருஷனை வில்லாபுரத்துக்குக் கொண்டுவந்த வண்டி வாடகை. அதில் முதலில் ஆயிரம் கொடுத்தாள். மீதியைக் கேட்டு ஆன்றோ ஒரு தடவைகூடப் போன் பண்ணவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்து மலருக்கு, எந்தக் காரியத்துக்கு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று விளக்கி எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சென்ட்ரிங் பலகை சுமக்கப் போனவன் நான். இன்றைக்குப் பலகை வாடகைக்கு விடுகிற குடோன் மூன்று எனக்கு. இந்தப் பக்கம் எழும்பிய மாடிகளில் பாதிக்கு மேல் என் பலகை மேல்தான் காய்ந்தன. மண்டல அலுவலகத்தில் கண்ணுச்சாமி வருகிறார் என்றால் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். படித்த பிள்ளைகள் அங்கே சுவரோரம் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, விளக்கம் இதுதான். குடிதண்ணீரில் சாக்கடை கலந்தால் வார்டு அலுவலகம். வீட்டு வரியில் பெயர் மாற்ற மண்டலம். முதியோர் பணம் நின்றுபோனால் தாலுகா அலுவலகம். எங்கேயும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு. எழுதியாயிற்று. இதைப் படித்துவிட்டுப் போனாலும் நாளைக்கு வா என்றுதான் சொல்வார்கள், நாளைக்கும் போகத்தான் வேண்டும். அடுத்தவர் காரியத்துக்காகப் படியேறியே என் முழங்கால் இரண்டும் போயின. ஆகவே அட்டவணை போடுவதைவிட, என்னோடு படியேறிய ஒருத்தியைப் பற்றி எழுதுகிறேன். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முத்துச்செல்வி சோழவந்தான் பக்கத்துப் பெண். பதினெட்டு வயதில் மதுரைக்குச் சித்தாள் வேலைக்கு வந்தாள். சோணை என்னிடம் பலகை அடிக்கிறவன். நான் பார்த்துப் பழக்கிய கைகளில் அவன் கைதான் நேரான கை. ஒரு தளத்தில் இவள் ஜல்லிச் சட்டி தூக்க, அவன் மேலே நின்று வாங்க, கலியாணம் அப்படி ஆனது. வில்லாபுரத்தில் சோணையின் பூர்வீக வீடு. ஒரு பாதியில் இவர்கள், மறு பாதியில் அண்ணன் பேயாண்டியும் தாயும். ஒரே மகள், நர்சிங் படிக்கிறாள். சோணையைக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் சேர்த்துவிட்டது நான். அட்டையைக்கூட என் கடையில் வைத்துத்தான் புதுப்பித்துக் கொடுத்தேன்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வேலைக்குப் போன இடத்தில் ஈரல் நோய் முற்றிப்போய் அவன் விழுந்துவிட்டான். இனி மேலே பார்க்க ஒன்றும் இல்லை, மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்னார். எங்கள் பக்கம் அது பெரிய விஷயம். வெளியே உயிர் விட்டவனை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோக மாட்டோம். தெருவில் பந்தல் போட்டு அங்கேயே கிடத்தி, அங்கிருந்தே எடுத்துவிடுவோம். வீட்டுக்குள் மூச்சு அடங்கினால்தான் நடுவீட்டில் கிடத்துவதும், தாய் கையால் பால் ஊற்றுவதும்.

அன்று மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது நான் அங்கே இருந்தேன். மூக்கில் ஆக்சிஜன் மூடியோடுதான் சோணையை இறக்கினார்கள். நடுவீட்டில் கிடத்தினார்கள். கிழவி பால் ஊற்றினாள். அப்புறம்தான் ஆன்றோ மூடியை எடுத்தான். தெருவே பார்த்தது. நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னோம்.

காரியம் முடிந்ததும் முத்துச்செல்வியிடம் நான் சொன்னேன், "ஆத்தா, இறப்புச் சான்றிதழ் வாங்கு. வாரியத்துல பணம் இருக்கு. பிள்ளைக்குக் கடைசி வருசம் பீஸ் கட்டணும்ல."

"வாங்குறேன்யா" என்றாள்.

வாங்கவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள். துக்கம் என்று நான் நினைத்தேன். மாதங்கள் ஓடின. கல்லூரியில், பீஸ் கட்டாவிட்டால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டோம் என்றார்கள். அப்போதும் அவள் அசையாததால் நானே ஆட்டோ பிடித்து மண்டல அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன்.

பிறப்பு இறப்பு மேஜையில் ரூத் என்று ஒரு பெண். எனக்கு நாற்காலி போட்டாள். முத்துச்செல்வியிடம், "எங்கம்மா இறந்தாரு?" என்று கேட்டாள்.

"வீட்டுல" என்றாள் இவள், தரையைப் பார்த்து.

"டாக்டர் சீட்டு?"

இல்லை. அன்றைக்குத் தெருமுனை டாக்டரைக் கூப்பிட்டோம். உயிரோடு பார்க்காதவருக்கு எழுதித் தர முடியாது என்று போய்விட்டார்.

"அப்ப ஆம்புலன்ஸ்காரர் எழுதித் தரட்டும். உயிரோட கொண்டாந்து எறக்குனேன்னு ஒரு கடிதம், ஒரு கையெழுத்து. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

இவ்வளவுதானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. முத்துச்செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம்யா. அவருக்குக் காசு பாக்கி இருக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போயிக் கேக்க?"

"காச நான் தாரேன். கெளம்பு."

"உங்க காசு வேணாம்."

ஆனையூருக்கு இரண்டு பஸ் மாறிப் போனோம். ஆட்டோவுக்கு நான் கொடுக்கிறேன் என்றாலும் கேட்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆன்றோ வீட்டு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். இவளைப் பார்த்ததும் குழாயை அடைத்தான்.

"வாங்கக்கா. மக எப்படி இருக்கு?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான்.

"அக்கா, காசு உங்களால முடியறப்ப குடுங்க. குடுக்காட்டியும் போகட்டும். ஆனா உசுரோட எறக்குனேன்னு எழுத மாட்டேன்."

"ஏம்ப்பா, ஊரே பாத்துச்சு. நான் பாத்தேன்" என்றேன் நான்.

"நீங்க மூடியத்தான் பாத்தீக, பெரியவரே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வண்டியின் பின்படியில் உட்கார்ந்துவிட்டாள். சொல்ல வேண்டியது அவள்தான் என்று ஆன்றோ விட்டுவிட்டான்.

"நாகமலை புதுக்கோட்டைகிட்டயே போயிருச்சுய்யா" என்றாள். "வண்டிய ஓரமா நிறுத்திக் கையப் புடிச்சுப் பாத்தாரு. போயிருச்சுக்கான்னாரு. நான்தான் கால்ல விழுந்தேன். மூடிய எடுக்காதீக தம்பி, வீட்டுக்குள்ள போற வரைக்கும் எடுக்காதீகன்னு. அவர தெருவுல போட்டு வச்சிருவாக, அதான். பதினாறு வயசுலேருந்து அடுத்தவன் வீட்டுக்கு மாடி கட்டுன மனுசன். அவரு வீட்டுக்குள்ள ஒரு நேரம் படுத்துட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

நான் அவள் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன்.

ஆன்றோ மெதுவாகச் சொன்னான். "மூடிய வச்சது உங்களுக்காக, அக்கா. அது வேற. கையெழுத்து வேற. நாளைக்கு எவனாவது ஆஸ்பத்திரில விசாரிச்சா என் லைசென்சு போயிரும். நடந்தத நடந்தபடி எழுதச் சொல்லுங்க, இப்பவே எழுதுறேன்."

திரும்பும் பஸ்சில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள். பெரியார் நிலையத்தில் இறங்கும்போது, "ரூத்தம்மாட்ட கேட்டுப் பாருங்கய்யா" என்றாள்.

ரூத்தைக் கேட்டேன். பெயர் சொல்லாமல்தான் கேட்டேன். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? "ஓடுற வண்டியில உயிர் போனா, வண்டி மொதல்ல எங்க நின்னுச்சோ அந்த ஊர்லதான் பதியணும்" என்றாள். "நாகமலை புதுக்கோட்டைன்னா எங்க மாநகராட்சி இல்ல, ஊராட்சி. அங்க இருக்குற கிராம நிர்வாக அலுவலரப் பாருங்க. நாளாயிருச்சு, உறுதிமொழிப் பத்திரம் வேணும், தாமதக் கட்டணம் வேணும். சொந்தக்காரர் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிட்டுப் போங்க, கேப்பாங்க."

சாட்சிக் கையெழுத்து என்றால் பேயாண்டிதான். வேறு ஆண் துணை அந்த வீட்டில் இல்லை. சொல்ல வேண்டிய ஆளிடமே சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் கூடப் போனேன். நீங்கள் பேச வேண்டாம் என்று என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, அவளே சொன்னாள்.

பேயாண்டி மென்றுகொண்டிருந்த வெற்றிலையை ஜன்னல் வழியே துப்பினான்.

"செத்தவனுக்கா எங்க ஆத்தா கையால பாலு ஊத்த வச்ச?"

"ஆமா."

"ஊரு உலகம் காறித் துப்புமேடி."

"அன்னைக்கு அம்புட்டுப் பேரும் சுத்தி நின்னீக, மாமா. யாராச்சும் ஒருத்தர் நெஞ்சுல கைய வச்சுப் பாத்தீகளா?"

அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். உள்ளே கிழவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள் போல. "கையெழுத்த போடுறா" என்று அவள் குரல்தான் வந்தது. "பாலு ஊத்துனது நானு. எம்புள்ளைக்கு ஊத்துனேன். உனக்கென்னடா?"

அவன் போட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டான். மறுவாரமே நடுவில் ஒரு தட்டி கட்டித் தன் பாதியைப் பிரித்துக்கொண்டான். வீட்டைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னான், அவளும் தெளித்தாள். தெருவில் இரண்டு மூன்று பேர் அவள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். நான் போய் நடுவீட்டில் உட்கார்ந்து காப்பி கேட்டு வாங்கிக் குடித்தேன். கண்ணுச்சாமி குடித்த வீட்டில் குடிக்க மாட்டேன் என்று சொல்ல இந்தத் தெருவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அப்புறம் ஓட்டம். நாகமலை புதுக்கோட்டைக்குப் போனால் அலுவலர் முகாமுக்குப் போயிருப்பார். முகாமுக்குப் போனால் அலுவலகத்துக்குத் திரும்பியிருப்பார். ஆன்றோ சவாரியை விட்டு வந்து, நின்ற இடத்தைக் காட்டி, எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனான். சான்றிதழ் கைக்கு வந்தது. இறந்த இடம் என்ற கட்டத்தில் அந்த ஊர்ப் பெயர் இருந்தது. முத்துச்செல்விக்குப் படிக்கத் தெரியும். படித்தாள், மடித்தாள், அவ்வளவுதான். அதை வாரியத்தில் கொடுத்து, அவர்கள் கேட்ட இன்னொன்றைக் கொடுத்து, அதற்கும் மேல் ஒன்றைக் கொடுத்து, கடைசியில் அவள் வங்கிக் கணக்கில் பணம் விழுந்தது. பீஸ் கட்டினாள். மகள் பரீட்சை எழுதினாள்.

பணம் விழுந்த வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு ஆனையூர் போனாள். எதற்கு என்னை என்றால், "சாட்சிக்கு" என்றாள். எனக்குக் கால் வலி, இருந்தாலும் போனேன். ஆன்றோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை கழுவிவிட்டு ஈரத்தோடு வந்தான்.

"இப்பத்தான் பீஸ் கட்டியிருக்கீக. அப்புறம் குடுங்கக்கா."

"கைய நீட்டுங்க தம்பி."

"சரி, அப்படியே குடுங்க. எண்ண வேணாம்."

"எண்ணித்தான் குடுப்பேன்."

அவன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு விரித்தான். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அந்த உள்ளங்கையில் வைத்தாள்.