பஸ்ஸில் படிக்காத கடைசிப் பாடம்

முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு இன்று கள்ளக்குறிச்சியில் மாதிரித் தேர்வு. சங்கராபுரத்தில் பஸ் ஏறி, கடைசிப் பாடத்தைத் திறந்தேன்.

நெரிசலில் நின்றிருந்த ஓர் அக்கா, உட்கார்ந்திருந்த என் மடியில் தன் மகளை வைத்தார். அவள் வீறிட்டாள்.

அக்கா என் புத்தகத்தைப் பார்த்தார். "ஏய், இவங்க டீச்சரு. அழுதுகினே இருந்தா முட்டி போட வைப்பாங்க."

அழுகை இன்னும் ஜாஸ்தியானது.

"இல்ல பாப்பா. எம்.ஏ., பி.எட். முடிச்சிட்டேன். இன்னும் பரீட்சை பாஸாகணும். அப்புறம்தான் டீச்சர்."

"அப்போ நீ டீச்சர் இல்லியா?"

"இல்ல."

அழுகை நின்றது. புத்தகத்தின் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

"இன்னா பொறுமைங்க! நீங்க கண்டிப்பா டீச்சராயிடுவீங்க," என்றார் அக்கா.

"மெதுவா சொல்லுங்கக்கா, முழிச்சிக்கப் போறா."

மாதிரித் தேர்வு எப்படி எழுதினேன் என்பதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.