சவரிமுத்து அண்ணனும் நான் எழுதிய எட்டடியும்

சவரிமுத்து அண்ணன் இறந்துவிட்டார். நேற்று மதியம். டீக்கடை மாஸ்டர்தான் போன் செய்து சொன்னார்... கேட்டதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

இங்கே பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. தொண்ணூறுகளில் மயிலாப்பூர் பேக்கரி ஒன்றிலிருந்து தி.நகர் டீக்கடைகளுக்கு சைக்கிளில் பன், பிரெட் போட்டவர். கேரியரில் அவரைவிட அகலமான தகரப் பெட்டி. பெல் கிடையாது, வாய்தான்.

நான் அப்போது ஒரு கன்சல்டன்ட் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். சேர்ந்து நாலு மாதம். தி.நகரில் ஒரு ரோட்டுக்கு பஸ் லேன், எதிர்ப்பக்கம் கார் பார்க்கிங் என்று பிளான். பஸ் லேனுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் சைக்கிளுக்கு எட்டடி. காலையில் பஸ் லேனுக்குள் சைக்கிள் வந்தால் ஃபைன்.

அந்த எட்டடியை எழுதியவன் நான். ரோட்டில் போய் அளந்து வரச் சொன்னார்கள். மே மாத வெயில்... பழைய சர்வே மேப்பைப் பார்த்து, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தே எழுதிவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

பொதுமக்கள் கருத்து கேட்கும் கூட்டம் ஒரு ஸ்கூல் ஹாலில் நடந்தது. பால் கேன், கேஸ் சிலிண்டர், இஸ்திரித் துணி என்று சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அண்ணன்தான் முதலில் எழுந்தார்.

"படம் ஷோக்கா கீது சார். அந்த எட்டடி எங்க கீது? டெய்லி அந்தாண்டதான் போய்க்கினு கீறேன், என் கண்ணுல படலியே!"

ஹாலே சிரித்தது. மேடையில் இருந்த கார்ப்பரேஷன் ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, அளந்தது நீதானே? கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வா."

கேரியரில் பெட்டி இருந்ததால் முன் பாரில் என்னை உட்கார வைத்து மிதித்தார். இன் பண்ணின சட்டையோடு குழந்தை மாதிரி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நிறுத்தி, சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே திருப்பினார். "சைக்கிள் நீளம் ஆறடி நைனா. இப்போ பாரு."

முன் சக்கரம் டிரான்ஸ்பார்மர் வேலியில் இடித்தது. பின் சக்கரம் பஸ் போகிற இடத்தில் நின்றது. கொஞ்சம் தள்ளிப் போனால் குப்பைத்தொட்டி, அதற்கப்புறம் இளநீர் வண்டி.

"அண்ணே, நான் அளக்கவே இல்ல... தெரிஞ்சா வேலை போயிடும். வீட்ல என் சம்பளம் மட்டும்தான்." நடுரோட்டில் அழுதுவிட்டேன்.

அவர் சைக்கிளைத் திருப்பி, என்னை மறுபடி முன் பாரில் ஏற்றிக்கொண்டார். திரும்பும்போது அவருக்கு மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஹாலில் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். "தம்பி அளந்தது கரெக்டு சார். எட்டடி கீது. நடுவுல டிரான்ஸ்பார்மரு, குப்பைத்தொட்டிலாம் கீது. அத்தத் தூக்கிடுங்கோ."

"தூக்கிடலாம்" என்று ஆபீசர் எழுதிக்கொண்டார். பிளான் பாஸ். நான் வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் பால்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். "இன்னாபா, இப்டி பல்டி அட்சிட்ட?"

"எழுதிக்கினாரு இல்ல... தூக்கிருவாங்கோ, வுடு."

தூக்கவில்லை. பஸ் லேன் வந்தது, ஃபைன் வந்தது. அண்ணன் சந்து சந்தாகச் சுற்றிப் போனார். பன் லேட்டானது, பாதி கடைகள் வேன்காரனிடம் மாறிவிட்டன.

ஒருநாள் டீக்கடையில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். பெட்டியைத் திறந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினார்.

"இன்னா நைனா, வேலை கீதா?"

"இருக்குண்ணே."

"அப்புறம் இன்னா? துன்னு."

வாங்கிக்கொண்டேன். அவர் முன்னாலேயே நின்று முழுசாகத் தின்றேன்.

இன்று காலை சாந்தோமில் அவர் வீட்டுக்கு முதல்முறையாகப் போனேன். மகள் என் பேரைக் கேட்டாள். சொன்னேன். உடனே பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்களைக் கூப்பிட்டாள்.

"அப்பா சொல்லுவாரே... தி.நகர் ரோட்ட அடி பிசகாம அளந்த சாரு. இவருதான்."

வீட்டில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை மனுஷன்.

மாலையைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அங்கே வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன்... நான் அளக்கவே இல்லைம்மா. அது உங்கப்பாவுக்குத் தெரியும்.

போய் வாங்க அண்ணே.