அடுத்த வாரத்துப் பதினோரு வரிகள்

ஃபானி கிரோஸ்மன் இந்த உலகத்தில் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான், அவளுடைய அண்ணன் மௌரிசியோவுக்கு. வரி ஆபீஸ்காரர்கள் கடைக்குள் நுழைந்தபோது காபி கொடுத்து உட்காரவைத்துப் பேசி அனுப்பியவள் அவள். புருஷன் பெர்னார்தோ ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து மாதமும் பெரிய டாக்டர்களையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள். அப்பேர்ப்பட்டவள், ரொசாரியோவிலிருந்து அண்ணன் போன் பண்ணினால் மட்டும் அறுபத்து நான்கு வயதிலும் எழுந்து நின்றுதான் பேசுவாள்.

புவெனஸ் அயர்ஸின் வில்லா கிரெஸ்போ பேட்டையில் முப்பத்தொரு வருஷம் பொத்தான் கடை வைத்திருந்தாள். பெர்னார்தோ போன பிறகு கடையை விற்றுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டே இரண்டு வருஷத்தைக் கழித்தாள். ஒருநாள் யூத ஜெப ஆலயத்தின் வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. பெரியவர்களுக்கு எபிரேய வகுப்பு, வியாழன் மாலை ஏழு மணி, எழுத்தே தெரியாதவர்களும் வரலாம். எழுத்தே தெரியாதவர் என்றால் அது தான்தான் என்று அவளுக்குப் பட்டது. உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள்.

பிறந்த வீட்டில் எபிரேய எழுத்து மௌரிசியோவுக்கு மட்டும்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் அவனுக்குப் பதிமூன்று வயதானபோது, ஒரு கிழவர் வாரத்துக்கு மூன்று நாள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டு அறையில் அண்ணன் ராகம் போட்டுக்கொண்டிருப்பான். ஆறு வயது ஃபானி சமையலறையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள். "பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பதிமூன்று வயதுச் சடங்கன்று சபை முன்னால் மௌரிசியோ வேதம் பாடியதைக் கேட்டு மாமாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். அந்தக் கதையை ஐம்பத்தெட்டு வருஷமாக ஒரு கல்யாணம், ஒரு சாவு விடாமல் சொல்லிச் சொல்லி அவனையும் நம்பவைத்துவிட்டார்கள், மற்றவர்களையும் நம்பவைத்துவிட்டார்கள். வீட்டில் வேதம் தெரிந்தவன் அவன். சூப்பில் உப்பு அதிகமென்று சொல்பவன் அவன். ஃபானியின் கையெழுத்து, ஃபானியின் சமையல், ஃபானி கட்டிக்கொண்ட புருஷன் என்று எதையும் அவன் திருத்தாமல் விட்டதில்லை.

வகுப்பைப் பற்றிச் சொன்னபோது போனில் ஒரு நிமிஷம் சிரித்தான்.

"அறுபத்தி ரெண்டு வயசுல அ-ஆ படிக்கப் போறியா? கண்ணாடியைத் தொடச்சிக்கிட்டுப் போ. அந்த எழுத்தெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உனக்கு வித்தியாசம் தெரியாது."

வித்தியாசம் அவளுக்குத்தான் தெரிந்தது. நானூறு வகைப் பொத்தானைத் தொட்டுப்பார்த்தே பிரித்த விரல்கள் அவை. மூன்று மாதத்தில் எழுத்துக்கூட்டினாள், ஒரு வருஷத்தில் படித்தாள். இரண்டாம் வருஷம் ஆசிரியை சில்வினா வகுப்பிலிருந்த ஏழு பேரையும் பார்த்துச் சொன்னாள்: "இந்த வருஷம் ஒவ்வொருத்தரும் ஒரு சனிக்கிழமை, சபை முன்னாடி வேதச் சுருள்லேருந்து படிக்கறீங்க. தேதியும் உங்க இஷ்டம். வேதத்துல வாரத்துக்கு ஒரு பகுதி, உங்க வாரத்துக்கு எதுன்னு நீங்களே தேடிக் கண்டுபிடிங்க. அதுவும் பாடம்தான்."

ஃபானி மே மாதம் இருபத்தெட்டாம் தேதியை எடுத்துக்கொண்டாள். அந்த வாரம் இருதய டாக்டரைப் பார்க்க மௌரிசியோ புவெனஸ் அயர்ஸ் வருகிறான். அவன் உட்கார்ந்து கேட்க, அவள் நின்று படிக்க வேண்டும். ஒரு தடவை நடந்தால் போதும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆசைப்பட்ட நாளிலிருந்தே பயமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. சுருளில் வெறும் மெய்யெழுத்துகள்தான் இருக்கும். உயிர்க்குறி கிடையாது, ராகக்குறி கிடையாது, புள்ளி கிடையாது. எல்லாம் மனதில் இருக்க வேண்டும். வார்த்தை தவறினால், கையில் அச்சுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் சரியான வார்த்தையைச் சத்தமாகச் சொல்லித் திருத்துவார்கள். அவமானப்படுத்த அல்ல, தவறிய வார்த்தையை அப்படியே விட்டுவிட்டுப் போகக்கூடாது, அதுதான் முறை. ஆனால் ஃபானியின் கனவில் திருத்துவது எப்போதும் ஒரே குரல். முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, சூப்பில் உப்பு அதிகம் என்று சொல்லும் அதே குரல்.

ஏழு மாதம் படித்தாள். பதினோரு வரிகள். மழை பெய்வதும் வயல் விளைவதும் பற்றிய வரிகள். பஸ்ஸில் முணுமுணுத்தாள், பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்தாள். வாராவாரம் சில்வினா கேட்டுத் திருத்தினாள்.

வியாழக்கிழமை கடைசி ஒத்திகை. வாசிப்பு ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் எலியாஸ், அந்த வாரத்து இடத்துக்குச் சுருட்டி வைத்திருந்த சுருளை மேடையில் விரித்தார். ஃபானி எழுத்தைச் சுட்டும் வெள்ளிக் குச்சியைக் கையில் எடுத்துக் குனிந்தாள். முதல் வார்த்தையைத் தேடினாள். இல்லை. பக்கத்துப் பத்தியில் தேடினாள். அங்கும் இல்லை. எழுத்துகள் தெரிந்தன, வார்த்தைகள்தான் ஒன்றும் அவளுடையதாக இல்லை. படித்ததெல்லாம் ஒரே நொடியில் மறந்துவிட்டது என்றே நினைத்தாள்.

"நீங்க எதைத் தேடறீங்க?" என்றார் எலியாஸ். முதல் வரியை அவள் சொன்னாள்.

"அது இந்த வாரம் இல்லையே. அடுத்த வாரத்துது."

"இருக்காது. காலண்டர் பார்த்துத்தான் எடுத்தேன்."

"எந்தக் காலண்டர்?"

ஃபிரிட்ஜில் மாட்டியிருக்கும் காலண்டர்தான். பெர்னார்தோவின் அக்கா பையன் இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து வருஷாவருஷம் அனுப்புவது, அழகான படங்கள் போட்டது. அவள் சொல்லி முடிப்பதற்குள் எலியாஸ் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். இஸ்ரேலில் பஸ்கா பண்டிகை ஏழு நாள், வெளியே இருக்கிற நமக்கு எட்டு என்று விளக்கினார். இந்த வருஷம் அந்த எட்டாவது நாள் சனிக்கிழமையில் விழுந்தது. அங்கே பண்டிகை முடிந்து வாராந்தர வாசிப்பைத் தொடர்ந்துவிட்டார்கள், இங்கே அன்றைக்கும் பண்டிகை வாசிப்பு. ஆகஸ்ட் வரைக்கும் அவர்கள் ஒரு வாரம் முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள். ஃபானி ஏழு மாதமாக ஹைஃபாவுக்காகப் படித்திருக்கிறாள்.

சில்வினா தலையில் அடித்துக்கொண்டாள். "தப்பு என்னோடது. படிப்பைப் பார்த்தேன், தேதியைப் பார்க்கல. ஃபானி, அடுத்த வாரம் படிச்சிருங்களேன்?"

அடுத்த வாரம் மௌரிசியோ ரொசாரியோவில் இருப்பான். "முடியாது" என்றாள் ஃபானி. நாற்காலியில் உட்கார்ந்து அழுதே விட்டாள். எலியாஸ் தாடியைச் சொறிந்துகொண்டு சுருளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஒண்ணு செய்யலாம். சனிக்கிழமை சாயங்கால ஜெபத்துல அடுத்த வாரப் பகுதியோட ஆரம்பத்தைத்தானே படிக்கறோம்? நீங்க படிச்சு வெச்சிருக்கறது ஆரம்பம்தான். அப்படியே பொருந்தும். என்ன, காலையில இருநூறு பேர் இருப்பாங்க. சாயங்காலம் பத்துப் பேர் சேர்றதே பெரும்பாடு."

இருநூறு பேர் அவளுக்கு எதற்கு? ஒருத்தன் இருந்தால் போதும். ஆனால் அந்த ஒருத்தனுக்குச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு பஸ்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் கோழியும் வரேனிக்கே கொழுக்கட்டையும் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். சொல்லாமலே விட்டிருக்கலாம். காலையில் தலைவலி என்று சொல்லியிருந்தால் அவன் பாட்டுக்கு ஊருக்குப் போயிருப்பான். கரண்டியைப் பிடித்த கை வியர்த்தது, ஆனாலும் சொன்னாள்.

மௌரிசியோ முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "காலண்டர் பார்க்கத் தெரியல, வேதம் படிக்கப் போறாளாம். நான் அன்னிக்கே என்ன சொன்னேன்?"

"நீ நிறையச் சொன்ன. சாயங்காலம் இருப்பியா, மாட்டியா?"

"பஸ்ஸை மாத்திக்கறேன். இதைப் பார்க்காம போவேனா? கோழியில உப்பு பத்தல."

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஃபானியைச் சேர்த்துப் பதினோரு பேர். மௌரிசியோ முன்வரிசையில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, புத்தகத்தை விரித்து வைத்திருந்தான். அவள் பயந்தபடியேதான் எல்லாம் இருந்தது.

சாயங்கால வாசிப்பில் மூன்று பேரை மேடைக்கு அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் ஆசி சொல்வார், வாசிப்பவர் அவர் பக்கத்தில் நின்று மூன்று நான்கு வரி படிப்பார். முதல் பாகத்தை ஃபானி முடித்தாள். குரல் நடுங்கியது, வார்த்தை நடுங்கவில்லை. இரண்டாம் பாகத்தின் நடுவில் ஒரு வார்த்தை புரண்டது. புரண்டதும் அவளுக்கே தெரிந்துவிட்டது. நின்றாள். இதோ வருகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

வரவில்லை. பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு பெண் சரியான வார்த்தையைச் சொன்னாள், ஃபானி திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போனாள். முன்வரிசையில் சத்தமே இல்லை. இத்தனை நல்லவனாக அவன் எப்போது ஆனான்? வீட்டுக்குப் போய்ப் பட்டியல் போடப்போகிறான் என்று நினைத்தாள்.

மூன்றாவதாக எலியாஸ் மௌரிசியோவை அழைத்தார். விருந்தாளிக்கு மரியாதை. அவன் ஜெபச் சால்வையைத் தோளில் வீசிக்கொண்டு, கல்யாண வீட்டில் படியேறுகிறவன் மாதிரி மேடைக்கு வந்தான்.

ஆசி அச்சடித்த அட்டை மேடையில் கிடந்தது. ஒரு பக்கம் எபிரேயம். எழுத்துத் தெரியாதவர்களுக்காக மறுபக்கம் அதே வார்த்தைகள் ஸ்பானிய எழுத்தில். எபிரேயப் பக்கம் மேலே இருந்தது. மௌரிசியோ அதைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு ஒற்றை விரலால் அட்டையை மெல்லத் திருப்பிப் போட்டான்.

எலியாஸ் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபானி மட்டும்தான் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான்.

ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிழவர் சொல்லச் சொல்ல, அவன் காதால் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். அவ்வளவுதான். அந்தப் பாட்டு மறந்த நாளிலிருந்து அவனிடம் ஒன்றுமே இல்லை. முதலில் அவளுக்கு ஆத்திரம் வந்தது, காது அடைக்கிற ஆத்திரம். இவனுக்கா நான் பயந்தேன், இந்த வெறுங்கைக்கா. அவனுடைய கழுத்து மயிர்க்கால் வரைக்கும் சிவந்திருந்தது. அட்டையைப் பிடித்த கை, நேற்று இரவு கரண்டியைப் பிடித்த அவளுடைய கை மாதிரியே வியர்த்திருந்தது. அந்தப் பயம் எப்படிப்பட்டதென்று அவளுக்குத் தெரியும். அவளைவிட அதிக வருஷம் அவன் அதைச் சுமந்திருக்கிறான்.

"சொல்லிடாத, ஃபானி" என்றான், உதடு அசையாமல்.

"மெதுவாச் சொல்லு" என்றாள் அவள். "தப்பு வந்தா காதுக்குள்ள நான் எடுத்துக் குடுக்கறேன். வேற யாருக்கும் கேக்காது."

படிக்கும் இடம் எங்கே ஆரம்பிக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை. வெள்ளிக் குச்சியால் காட்டினாள். சால்வையின் நுனியால் அந்த இடத்தைத் தொட்டு முத்தமிட்டுவிட்டு, அவன் ஆசியை ஆரம்பித்தான். நான்காவது வார்த்தையில் தடுக்கினான். மூச்சோடு மூச்சாக அவள் அதை எடுத்துக்கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டு மேலே போனான். ஏழாவதில் மறுபடியும் தடுக்கினான், மறுபடியும் கொடுத்தாள். முடித்தபோது சபை ஆமென் என்றது. ஃபானி குனிந்து, அவன் கண் கூடவே வரட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையின் கீழும் குச்சியை நிறுத்தி நிறுத்திப் படிக்க ஆரம்பித்தாள்.