அக்காவின் வலது கை

அப்போது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதினொன்று. பெருமூளை வாதம் என்ற பெயரெல்லாம் எனக்குத் தெரியாது. அக்காவின் வலது கை எப்போதும் மூடியே இருக்கும், நடந்தால் குதிகால் தரையில் படாது, அவ்வளவுதான் தெரியும். எல்லாம் பிடிவாதம் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

அடுத்த வாரம் முசிறியில் சித்தி கல்யாணம். ஸ்ரீரங்கம் கோபுரத்தடிக் கடையில் எங்கள் இருவருக்கும் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கினோம். அக்காவுக்கு இடது கையில் மட்டும் அம்மா போட்டுவிட்டாள். மற்றொரு கை மூளியாக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துக் காரியத்தில் இறங்கினேன். விரல்களைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். இழுக்க இழுக்க அந்தக் கை இன்னும் இறுகியது.

“கையை லூசா விடேன்க்கா!”

“நான் விட்டுட்டேன்டி. அதுதான் விட மாட்டேங்குது.” அவளுக்குப் பேச்சு நிதானமாகத்தான் வரும். அழுகையை அடக்கியதில் இன்னும் இழுத்தது.

சாக்கு என்று நினைத்து வளையலை வைத்து அழுத்தினேன். படக்கென்று உடைந்தது. அவள் புறங்கையில் ரத்தம். அம்மா ஈரத்தலையோடு ஓடிவந்தாள்.

“நான்தாம்மா சுவத்துல இடிச்சுக்கிட்டேன்” என்றாள் அக்கா.

பாதி வளையல் என் கையில் இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள்.

மறுநாள் அக்காவுக்குப் புத்தூரில் பிசியோதெரபி. அம்மா என்னையும் கூட்டிப்போனாள். அங்கிருந்த மேடம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“வெடுக்குனு இழுத்தா தசை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கும். ‘விடு’ன்னு மூளை சொல்றது கைக்குச் சரியா போய்ச் சேரலம்மா. அவ வேணும்னு பண்ணலை. இப்படி மெதுவா...”

மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கிக் காத்திருந்தார். ரொம்ப நேரம். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. என் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றி நீட்டினேன். அது அக்காவின் கையில் ஏறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணம் முடிந்து வந்ததும் நான் வளையல்களைக் கழற்றிவிட்டேன். அக்கா மட்டும், “இது இருக்கட்டும்” என்று பல வாரம் வலது கையைத் தொடவே விடவில்லை. வளையல் மேல் அத்தனை ஆசை போலிருக்கிறது என்று, என்னுடையதில் இன்னும் இரண்டைக் கொண்டுபோய் நீட்டினேன். அவள் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது.

எத்தனை மெதுவாக விரித்தாலும் அந்தக் கை வலிக்கும் என்பதும், கழற்றுவதற்கும் அதே கையை விரித்தாக வேண்டும் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.